மரைக்குப் பசை வேண்டாம்

ஒரு பட்டறைக்கு முதல்முறை போனால் உலையைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே இருக்கிற கழிப்பறையைத்தான் பார்ப்பேன். அது சுத்தமாக இருந்தால் மற்றதும் ஒழுங்காக இருக்கும் என்பது என் அனுபவம். கம்பெனியில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். நான் பிடித்துக் கொடுத்த சப்ளையர் ஒருவன்கூட எங்களை நடுத்தெருவில் விட்டதில்லை.

நீங்கள் தமிழ் பேசுவீர்கள் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது சார். உங்கள் ஊர் ஹனூர்ப் பக்கம் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். கன்னடத்தில் எனக்குச் சண்டை போட வரும், பேரம் பேச வரும். மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் தமிழ்தான் சௌகரியம். என் பெயர் சாம்பசிவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது அசோகபுரம். ஹூட்டகள்ளியில் ஹாய்ஸ்ட் செய்கிற கம்பெனியில் கொள்முதல் மேனேஜர். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் நீங்கள் கேள்வி கேட்டால் தப்பில்லை, ஆனால் வரிசை கெட்டுப்போகும்.

ஹாய்ஸ்ட் என்றால் சுமை தூக்குகிற மெஷின். மேலே மோட்டார், அதிலிருந்து சங்கிலி, சங்கிலியின் நுனியில் கொக்கி. அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பது சின்னதாக ஒரு எஃகுத் தண்டு. சுமை திரும்பும்போதெல்லாம் அந்தத் தண்டும் திரும்பி உரசும். உரசினால் தேயும். அதனால் அதை உலையில் வைத்து மேல்தோலை மட்டும் கெட்டியாக்குவார்கள். கேஸ் ஹார்டனிங் என்று பெயர். வெளியே அரம் போட்டாலும் வழுக்கும், உள்ளே எஃகு எஃகாகவே இருக்கும்.

ஆனால் தண்டின் தலையில் மரை இருக்கிறது. நட்டு முடுக்குகிற இடம். மொத்தச் சுமையும் தொங்குவது அந்த மரையில்தான். அதைக் கெட்டியாக்கக் கூடாது. கெட்டியானால் வளைந்து கொடுக்காது, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். அதனால் உலைக்குள் போவதற்கு முன்னால் மரையில் மட்டும் செம்பு கலந்த பசையைப் பூசுவார்கள். பசை இருக்கிற இடத்தில் கெட்டி ஏறாது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பல வருஷமாக இந்த வேலையைப் பெங்களூர் பீன்யாவில் ஒருவரிடம் கொடுத்து வந்தோம். அவரைப் பிடித்தது நான். போன வருஷம் அவர் வயசாகிவிட்டது என்று பட்டறையை மூடினார். புது ஆள் தேடி ஓசூர் போனேன், கோயம்புத்தூர் போனேன். ஓசூரில் உலை பிரமாதம், கழிப்பறை சகிக்கவில்லை. கோயம்புத்தூரில் எல்லாமே பிரமாதம், ஆனால் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனியை அவர்கள் உட்காரச் சொல்லக்கூட இல்லை. கேசவமூர்த்தி சார் தினமும் கேட்பார். அவர்தான் முதலாளி. மேலுக்கோட்டை ஐயங்கார், வீட்டில் பேசுகிற மாதிரியே ஆபீஸிலும் பேசுவார். "சாம்பசிவா, ஆள் கெடச்சானா?" என்பார். "தேடிண்டே இருக்கேன் சார்" என்பேன். அவரிடம் பேசும்போது எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

இனி சுஹாஸ். உலோகவியல் படித்துவிட்டு நேரே என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவனுக்குக் கன்னடம் வருகிற அளவுக்குத் தமிழ் வராது. அவனுக்கு எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சப்ளையர் கொடுக்கிற காபியைக் குடிக்க வேண்டும், ஆனால் புகழக் கூடாது. முதல் துண்டைப் பார்த்து மயங்காதே, கடைசித் துண்டைக் கேள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். எங்களுக்குக் குழந்தை இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி விசாலாக்ஷி அவன் வந்தால் மட்டும் பிஸிபேளாபாத்தில் முந்திரி போடுவாள். நான் இத்தனை வருஷமாக அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன், எனக்கு முந்திரி பிடிக்கும் என்பதை அவள் கவனித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை சுஹாஸ் ஒரு தண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து முதலாளி மேஜையில் வைத்தான். அரத்தை எடுத்து அதன் மேல் இழுத்தான். அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மரையில் இழுத்தான், அழகாகப் பிடித்தது. அதைச் செய்து கொடுத்தது யார் என்று கேட்டோம். மாதேஸ்வரன் மலைக்குப் போன பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவரோடு பேச்சுக் கொடுத்திருக்கிறான். அருண்ராஜ் என்று பெயர், கௌதள்ளிக்காரர். ஹார்டனிங் பட்டறை வைத்திருக்கிறாராம். எங்கே என்றால், கூர்கள்ளியில். எங்கள் கம்பெனி வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இத்தனை வருஷமா பீன்யாவுக்கு லாரி அனுப்பிண்டிருந்தோமேடா சாம்பசிவா, பக்கத்துத் தெருவுலன்னா இருந்திருக்கான்" என்றார் கேசவமூர்த்தி சார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சாம்பசிவன் சார் கழிப்பறை பார்க்கப் போயிருந்தார்" என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. சுஹாஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டான். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

எனக்கு வயிறு எரிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். எரியவில்லை. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே அருண்ராஜின் பட்டறைக்குப் போனேன். பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கழுவி விட்டு, ஒரு மூலையில் பினாயில் பாட்டில் வைத்து, வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று, அந்த வருஷம் புதிதாகச் செய்த ஹாய்ஸ்டுக்கு முதல் தூக்கு நடக்கும். கேசவமூர்த்தி சாரின் அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்தில் ஒரு வாடிக்கையாளர் சந்தேகப்பட்டபோது, தொங்குகிற சுமைக்குக் கீழே தானே போய் நின்று காட்டினாராம். அன்றிலிருந்து, அந்த மெஷின் உருவாக யார் முக்கியக் காரணமோ அவர் தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற பட்டுத் தலைப்பாகையைக் கட்டி, சுமைக்குக் கீழே நிற்க வைத்து ஆரத்தி எடுப்பார்கள். சுமை, அம்மன் படத்தைப் பார்த்து மூன்று முறை வணங்க வேண்டும். அதாவது பித்தானை அமுக்கிச் சுமையைச் சடாரென்று இறக்கி, சடாரென்று நிறுத்துவார்கள். தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறோம். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அதை யாரும் படிப்பதில்லை.

அந்தப் பேட்டாவை அதிகமுறை கட்டிக்கொண்டவன் நான்தான். நல்ல சப்ளையர் இல்லாமல் நல்ல மெஷின் ஏது என்பார் கேசவமூர்த்தி சார். ஜரிகைக் கரை வைத்த பட்டு, கட்டிய மாதிரியே மடங்கி நிற்கும். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கும். மற்ற நாட்களில் அப்படித் தோன்றியதில்லை.

இந்த வருஷம் சுஹாஸுக்கு என்று முடிவாயிற்று. முதலாளியே வந்து என்னிடம் சொன்னார். "கொழந்தை ஆசையா இருக்கான், நீ தப்பா நெனச்சுக்காதே" என்றார். "நானே சொல்லணும்னு இருந்தேன் சார்" என்றேன். வீட்டில் விசாலாக்ஷியிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவனுக்கு அது நல்லா இருக்கும். நல்ல உயரம்" என்றாள். என் உயரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அருண்ராஜின் பட்டறைக்குப் போனேன். எங்கள் தண்டுகள் உலைக்குத் தயாராக அடுக்கி வைத்திருந்தன. ஒரு பையன் கையில் பிரஷ்ஷும் பசை டப்பாவுமாக அப்போதுதான் உட்கார்ந்தான்.

"வாங்ணா, உக்காருங். டீ சொல்லட்டுங்களா?" என்றான் அருண்ராஜ்.

"டீ இருக்கட்டும். இந்த லாட்டுக்கு மரையில பசை வேண்டாம்."

"வேண்டாங்களா? சுஹாஸ் தம்பி கட்டாயம் பூசோணும்னு சொல்லியிருக்காருங்களே."

"டிசைன் மாத்தியிருக்கோம். மரையும் சேர்ந்து கெட்டியாகணும். அவன்தான் சொல்லி அனுப்பினான். பூஜை வேலையில தலைகால் தெரியாம ஓடிட்டிருக்கான்."

அவன் ஒரு தண்டைக் கையில் எடுத்து மரையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "நீங்களே நேர்ல வந்து சொல்றீங். சரிங்ணா" என்றான். பெரியவர் வந்து சொன்னதைச் சின்னவருக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள். அது எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். பையன் பசை டப்பாவை மூடி வைத்தான். அதற்குப் பிறகு டீ குடித்தேன். நன்றாக இருந்தது, ஆனால் புகழவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான் சார். தண்டு வரும், சுஹாஸ் மரையில் அரம் போட்டுப் பார்ப்பான், வழுக்கும், லாட் முழுக்கத் திரும்பிப் போகும். பூஜைக்கு மெஷின் இருக்காது. பக்கத்துத் தெருச் சப்ளையர் என்று எல்லோரும் அவனைப் பார்த்தும் கொஞ்சம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் எண்ணம்.

தண்டுகள் பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் வந்தன. சுஹாஸ் அப்போது தேவராஜா மார்க்கெட்டில் சேவந்திப்பூ வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பூ வாங்க அனுப்பியது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். அவன் திரும்பி வருவதற்குள் தண்டைப் பொருத்தி, நட்டு முடுக்கி, கொக்கியை மாட்டச் சொல்லிவிட்டேன். கேசவமூர்த்தி சாரைக் கூப்பிட்டு, நல்ல நேரம் போய்விடும் என்று சொல்லி மஞ்சளும் குங்குமமும் வைக்கச் செய்தேன்.

சுஹாஸ் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "சார், நட்டைக் கழட்டி மரையை மட்டும் ஒரு சல செக் பண்ணிடலாம் அல்வா? சும்னே, ஒரு திருப்திக்கு" என்றான், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக.

"குங்குமம் வெச்சதுல அரம் போடுவியாப்பா?" என்றேன்.

அவன் முதலாளியைப் பார்த்தான். எங்கள் கம்பெனியில் பூஜைக்கு வைத்த பொருளில் பூஜை முடிகிற வரைக்கும் யாரும் ஆயுதம் படவிட மாட்டார்கள். ஸ்பானர்கூடத் தொடாது. "வேண்டாம்டா கொழந்தே. சாம்பிள்தான் நீ பார்த்தாச்சே, விஜயதசமி கழிச்சுப் பார்த்துக்கோ" என்றார் அவர்.

"ஆயித்து சார்" என்று தலையாட்டினான் சுஹாஸ்.

ஆமாம் சார், நீங்கள் சொல்வது சரி. லாட் திரும்பிப் போக வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தால், அவனைப் பார்க்க விட்டிருக்க வேண்டும். அதை நானும் பிறகு யோசித்தேன்.

மறுநாள் எல்லோரும் புதுச்சட்டை. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சுஹாஸின் அம்மா வந்திருந்தார். அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் சைத்ராவும் வந்திருந்தாள். அவள் போனில் எடுத்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஆரம்பத்தில் சுஹாஸ் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுப்பது தெரியும். முதலாளி அவனுக்குப் பேட்டா கட்டினார். விசாலாக்ஷி சொன்னது உண்மைதான், அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அவன் என்னிடம் வந்து பேசுகிறான் அல்லவா, அது வீடியோவில் கேட்காது. மேளச் சத்தம். அவன் சொன்னது இதுதான். "சார், நீங்க நில்லுங்க. நீங்க கத்துக் கொடுக்கலேன்னா எனக்கு என்ன தெரியும்? நான் பட்டன் ஒத்துறேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்." சொல்லிக்கொண்டே பேட்டாவைக் கழற்றப் போனான்.

அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எனக்கு முழங்கால் வலி, நிக்க முடியாது. நீயே நில்லு" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. காலைத் தொட்டுக் கும்பிட்டான். அதை மட்டும் அவன் செய்யாமல் இருந்திருக்கலாம். அத்தனை பேரும் அவனைத்தான் மெச்சிப் பார்த்தார்கள், விட்டுக் கொடுத்த என்னை யாரும் பார்க்கவில்லை.

பித்தான் என் கையில் இருந்தது. அது மூத்தவர் அமுக்க வேண்டியது, வழக்கம். பூச்சுற்றிய இரும்புக் கட்டி மேலே போயிற்று. அரை டன். முதல் வணக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டியான மரை முதல் இழுப்பிலேயே போக வேண்டும் என்று சட்டம் இல்லை. சின்னதாக ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். இரண்டாவது வணக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மேளத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

வீடியோவில் அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவது தெரியும். சுஹாஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான், இன்னும் ஒன்று பாக்கி என்கிற மாதிரி. விசாலாக்ஷி ஆரத்தித் தட்டோடு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் மூன்றாவது முறை அமுக்கினேன்.

ஹெல்மெட் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை சார். அரை டன் அது. பேட்டா மட்டும் எப்படியோ கழன்று, உருண்டு வந்து என் காலடியில் நின்றது. ஒரு கறை இல்லை. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். கீழே கிடந்தால் மிதிபடுமே என்று நான் அதை எடுத்துத் தூசி தட்டி என் பையில் வைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து வீட்டில் அதைக் கட்டிப் பார்த்தேன். சும்மா, மடிப்புக் கலைந்திருக்கிறதா என்று. கண்ணாடியில் பின்னால் விசாலாக்ஷி நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே பெட்டி கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அடுப்பில் எனக்கு ஒன்றும் வைக்கவில்லை.

அருண்ராஜைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நான் வந்து பசை வேண்டாம் என்று சொன்னதாக அவன் உங்கள் ஆட்களிடம் சொன்னான். அவர்கள் கம்பெனிக்கு வந்து என்னைக் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றேன். அவர்களும் அவன் பேச்சை நம்பவில்லை. அப்படியே இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். சுஹாஸ் அவசரப்பட்டுப் பிடித்த ஆள் என்று கம்பெனியில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதைக் கேட்ட அன்று மதியம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஆனால் நேற்று கேசவமூர்த்தி சார் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதே சாம்பசிவா, போலீஸ்ல அழுத்திச் சொல்லிட்டேன். சாம்பசிவனுக்கு மரையாவது பசையாவது, ஒண்ணும் தெரியாது, அதெல்லாம் சுஹாஸ் மூளை, இவன் கழிப்பறை பார்க்கற ஆசாமின்னு சொல்லிட்டேன்." என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். டெஸ்டிங் கூடத்துக்கு சுஹாஸ் பெயரை வைக்கப் போகிறார்களாம்.

ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் வந்தேன். அருண்ராஜை விட்டுவிடுங்கள். அவனுடைய ஹார்டனிங்கில் ஒரு குறையும் இல்லை. மரை முழுக்க ஒரே சீராகக் கெட்டியாகியிருந்தது. அது கவனக்குறைவு இல்லை, தெரிந்து செய்த வேலை. சுஹாஸைக் கொன்றது நான்.

நீங்கள் எழுதுவதில் ஒரே ஒரு திருத்தம். பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. அதை அடித்துவிடுங்கள், அது பொருந்தாது. அதற்குப் பதிலாக முதலாளி சொன்னது தப்பு, எனக்கு எல்லாம் தெரியும் என்று எழுதுங்கள். எந்த இடத்தைப் பூசாமல் விட வேண்டும், எப்போது குங்குமம் வைக்க வேண்டும், எத்தனையாவது இழுப்பில் போகும், இதையெல்லாம் சேர்த்து யோசிக்க அனுபவம் வேண்டும் சார். சுஹாஸுக்கு இது தோன்றியிருக்காது.